பழைய எந்திரத்திற்குப் புதிய மூளை

காவிரி நாட்டில் வாழும் நமக்குப் பழையதைக் காத்துக்கொண்டே புதியதைச் சேர்க்கும் கலை புதிதன்று. கரிகாற்சோழன் எழுப்பியதாகப் போற்றப்படும் கல்லணையின் உடல் மிகப் பழமையானது. அதன் மணற்போக்கி மதகுகளோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைந்தவை. 1830-ஆம் ஆண்டையொட்டி அங்குப் பணியாற்றிய ஆர்தர் காட்டன் முதலிய பொறியாளர்கள் பழைய அணையை இடித்துத் தள்ளவில்லை. அதன் உறுதியை மதித்து, மணலையும் நீரையும் ஆளும் உறுப்புகளை மட்டும் அதில் சேர்த்தார்கள். முக்கொம்பில் மேலணையும், திருப்பனந்தாளுக்கு அருகிலுள்ள அணைக்கரையில் கீழணையும் 1836-இல் எழுந்தது அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியே.

காலப்போக்கில் சில சொற்கள் மறைவதும் சில தோன்றுவதும் குற்றமாகா என்பது நன்னூலார் மொழிக்குக் கண்ட நெறி. அந்நெறி எந்திரத்திற்கும் பொருந்தும். ஆயின் எது விலக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று பிரித்தறிவதிலேதான் அறிவின் பணி தொடங்குகிறது.

1980களிலும் 1990களிலும் பெரும் பொருட்செலவில் வாங்கப்பட்ட சி.என்.சி. எந்திரங்கள், அதாவது கணிப்பொறி எண்வழியில் இயங்கும் கடைசல், துருவல் எந்திரங்கள், பல தொழிற்கூடங்களில் ஓசையடங்கி நிற்கின்றன. அவற்றின் இரும்பு நன்றாக இருக்கிறது. மின்னணுப் பகுதி மட்டும் செயலற்றுப் போயிற்று. அவற்றை எடைக்கு எடை பழைய இரும்பாக விற்பதா, புதிய கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி மீண்டும் உழைக்கச் செய்வதா? தொழிலுலகில் 'ரெட்ரோஃபிட்' என வழங்கும் இம்மறுசீரமைப்பின் அடிப்படைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தறியும் எந்திரமும்

சி.என்.சி. எந்திரத்தைப் புரிந்துகொள்ளத் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. திருப்பனந்தாள் அமைந்துள்ள திருவிடைமருதூர் வட்டத்திலேயே பட்டுக்குப் பெயர்பெற்ற திருபுவனம் இருக்கிறது. அவ்வூர்ப் பட்டுச்சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பூவேலை செய்யும் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி அமர்ந்திருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்கும். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவுநூல் மேலெழும். துளை இல்லாத இடத்தில் நூல் கீழேயே நிற்கும். ஆக, பூவின் வடிவம் அட்டையில் 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டே சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது எனலாம்.

இன்று தமிழகத்துக் கைத்தறிகள் சிலவற்றில் அட்டைக்கோவை நீங்கி மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது. தறிச்சட்டம் அதே சட்டம். பாவும் ஊடையும் அவையே. நெசவாளியின் கையும் அதே கை. ஆணை சொல்லும் உறுப்பு மட்டுமே மாறியது. சி.என்.சி. எந்திரத்தின் மறுசீரமைப்பும் இதுவே.

அவ்வெந்திரத்தையும் இரு கூறாகப் பிரிக்கலாம். முதற்கூறு இரும்புடல். பட்டறையில் 'பெட்டு' என வழங்கும் வார்ப்பிரும்புப் படுகை, அதன்மேல் மேசை வழுக்கிச் செல்லும் ஸ்லைடுகள், மோட்டாரின் சுழற்சியை நேர்நகர்வாக மாற்றும் பால் ஸ்க்ரூ, வெட்டும் பணிக்குரிய ஸ்பிண்டில் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாங்கூறு மின்னணுப் பகுதி. நிரலைப் படித்துக் கணக்கிடும் கட்டுப்பாட்டுக் கருவி, அதன் ஆணைக்கேற்ப மோட்டாருக்கு மின்னாற்றலை அளந்து கொடுக்கும் டிரைவ், சர்வோ மோட்டார், அம்மோட்டார் எவ்வளவு சுழன்றது என்பதை எண்ணிச் சொல்லும் என்கோடர் ஆகியவை இதில் அடங்கும். இவ்விரு கூறுகளும் ஒரே நாளில் பிறந்தாலும் ஒரே நாளில் மூப்படைவதில்லை. மறுசீரமைப்பு என்னும் துறை தோன்றியதற்கு இதுவே காரணம்.

முதல் எந்திரமே மறுசீரமைப்புத்தான்

எந்திரத்தின் செயலை முன்கூட்டியே எழுதிவைக்கும் எண்ணம் பழமையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர்கள், முளைகள் பதித்த உருளையின் ஆணைப்படி தானே இசைக்கும் குழற்கருவியை விவரித்துள்ளனர். முளைகளின் இடம் மாறினால் இசையும் மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு ஜக்கார்டு, நெசவுக்குத் துளையட்டைகளைக் கொண்டு இதே எண்ணத்தைச் செயற்படுத்தினார்.

உலோகத்தை வெட்டும் எந்திரத்திற்கு இது வந்தது 1940களின் இறுதியில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பார் ஹெலிகாப்டரின் சுழலிறகுகளைச் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தார். இறகின் வளைவை மிகப் பல புள்ளிகளாகக் கணக்கிட்டு, அப்புள்ளிகளின்படியே எந்திரத்தை நகர்த்த வேண்டும் என்று அவர் கருதினார். 1949-இல் அமெரிக்க வான்படை இதற்கு ஒப்பந்தம் அளித்தது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் பணியில் இணைந்தது. 1952-இல் எண்வழியில் இயங்கும் துருவல் எந்திரம் உலகின் பார்வைக்கு வந்தது.

இதில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவ்வெந்திரத்தின் உடலைக் கழக ஆய்வாளர்கள் புதிதாகச் செய்யவில்லை. சின்சினாட்டி நிறுவனம் முன்பே செய்திருந்த ஹைட்ரோடெல் என்னும் துருவல் எந்திரத்தை எடுத்து, அதில் மோட்டார்களையும், வெற்றிடக் குழல்களாலான கட்டுப்பாட்டு அலமாரியையும், துளையிட்ட நாடாவைப் படிக்கும் கருவியையும் பொருத்தினார்கள். எண்வழி எந்திரம் என்னும் இனமே மறுசீரமைப்பாகத்தான் பிறந்தது. பழைய உடலுக்குப் புதிய மூளை பொருத்துவதைத் தாழ்ந்த ஒட்டுவேலையாகக் கருதுவோர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வது நன்று.

1971-இல் நுண்செயலி வந்தபின் கட்டுப்பாட்டு அலமாரி சிறுத்தது. கணிப்பொறியே எந்திரத்தினுள் குடிபுகுந்தது. நம் நாட்டில் 1953-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற எச்.எம்.டி. நிறுவனமும், அதே நகரில் 1962-இல் தோன்றிய மத்திய எந்திரக்கருவி ஆய்வு நிறுவனமும் எந்திரக்கருவித் தொழிலுக்கு அடித்தளம் இட்டன. எச்.எம்.டி.யின் லேத்துகளைத் தமிழகத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இன்றும் காணலாம்.

இரும்பு நிற்க, மூளை ஏன் தளர்கிறது?

நல்ல வார்ப்பிரும்புப் படுகைக்கு உரிய நேரத்தில் எண்ணெய் கிடைத்தால் அது பல பத்தாண்டுகள் உழைக்கும். மின்னணுப் பகுதிக்கு அத்தகைய ஆயுள் இல்லை. மின்சுற்றுகளில் உள்ள மின்பகு மின்தேக்கிகள் நாளடைவில் உலர்ந்துபோகும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. பழைய கருவிகள் பலவற்றில் எந்திரத்தின் அளவுருக்கள் ஒரு சிறு மின்கலத்தின் துணையால்தான் நினைவில் நின்றன. அம்மின்கலம் தீர்ந்துபோனால், எந்திரம் தன் திருகின் அளவையும் எல்லையையும் ஒருங்கே மறந்துவிடும். சில்லுகளின் உற்பத்தி நின்றுபோகும். அவற்றைப் பழுதுபார்க்க அறிந்தோர் ஓய்வு பெறுவர்.

பழுதில்லாத பழைய கருவியும் புதிய பணிக்குப் போதாமற் போகலாம். ஒரு கணக்கைக் காண்போம். பழைய கருவிக்கு நினைவகம் சிறிது. ஆகவே நீண்ட அச்சுவார்ப்பு நிரலைக் கணிப்பொறியிலிருந்து சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். நொடிக்கு 9600 பிட்டு வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 பிட்டு என்று கொண்டால், நொடிக்கு 960 எழுத்துகள் செல்லும். நிரலின் ஒரு வரி 24 எழுத்துகள் எனில் நொடிக்கு 40 வரிகள். ஒவ்வொரு வரியும் 0.1 மில்லிமீட்டர் நகர்வைக் குறித்தால், எந்திரம் நொடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது நிமிடத்திற்கு 240 மில்லிமீட்டர் மட்டுமே செல்ல இயலும். இரும்பு இதனினும் பன்மடங்கு விரைந்து செல்ல வல்லது. ஆணை வந்துசேரும் வரை அது காத்து நிற்கிறது.

முதலில் இரும்பைச் சோதிக்க

மறுசீரமைப்பில் நேரும் இழப்புகளுக்கு ஒரு பெருங்காரணம், இரும்பைச் சோதியாமல் மின்னணுவியலில் பணத்தைப் போடுவதாகும். தேய்ந்த உடலுக்குக் கூர்ந்த மூளை கிடைத்தால் தேய்மானம் இன்னும் தெளிவாகத் தெரியுமே அல்லாமல் மறையாது.

சாய்ந்திருந்த திருமேனியை யானைகளைக் கொண்டும் நிமிர்த்த இயலாதபோது, குங்கிலியக்கலயர் தம் அன்பினால் நிமிர்த்திய ஊராகத் திருப்பனந்தாளைப் பெரியபுராணம் காட்டுகிறது. பட்டறையிலும் சாய்வைப் போக்குவது வலிமையன்று, அளவுமானியும் பொறுமையுமே. மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வைக் காட்டவல்ல நுண்மட்டத்தைப் படுகையின் மேல் வைத்து முதலில் சமன் பார்க்க வேண்டும். பிறகு டயல் கேஜைப் பொருத்தி ஒவ்வொரு திசையிலும் தளர்ச்சியை அளக்க வேண்டும். மேசையை ஒரு பக்கம் நகர்த்தி, பின் எதிர்ப்பக்கம் திருப்பும்போது, திருகு சுழன்றும் மேசை அசையாத ஒரு சிறு இடைவெளி தெரியும். பட்டறையில் 'பிளே' என்றும் 'பேக்லாஷ்' என்றும் சொல்வது இதுவே.

இவ்வளவை ஓரிடத்தில் மட்டும் எடுத்தல் போதாது. லேத்தில் பெரும்பாலான பணி சக்கின் அருகிலேயே நடக்கும். ஆகவே திருகும் ஸ்லைடும் அங்கேயே மிகுதியாகத் தேயும். நீளம் முழுவதும் தளர்ச்சி ஒரே அளவாக இருந்தால் புதிய கருவி அதனைக் கணக்கில் ஈடுசெய்துவிடும். சக்கின் அருகே மிகுந்தும் மறுமுனையில் குறைந்தும் இருந்தால் எளிய ஈடு எதுவும் உதவாது. திருகைச் சாணையிட்டுப் புதிய நட்டு பொருத்த வேண்டும், அல்லது திருகையே மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்லைடுகளை மீண்டும் சுரண்டிச் சமன் செய்யலாம். ஸ்பிண்டிலில் சோதனைத் தண்டைப் பொருத்திச் சுழற்றி அதன் ஆட்டத்தையும், பேரிங்கின் ஓசையையும் வெப்பத்தையும் அறிய வேண்டும். இவற்றின் செலவையும் சேர்த்துப் பார்த்த பின்னரே, எந்திரம் மறுவாழ்வுக்குத் தக்கதா என்னும் முடிவுக்கு வரலாம்.

மூன்று வழிகள்

இரும்பு தகுதியுடையதாயின் நம்முன் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, கட்டுப்பாட்டுக் கருவியை மட்டும் மாற்றுவது. பழைய டிரைவ்கள் பலவும் 10 வோல்ட்டு முன்னும் பின்னுமான மின்னழுத்தத்தை வேக ஆணையாக ஏற்பவை. அத்தகைய ஆணையை வெளியிடும் புதிய கருவியை இணைத்தால் பழைய டிரைவும் மோட்டாரும் தொடர்ந்து உழைக்கும். செலவு குறைவு. எனினும் டிரைவின் மூப்பு அப்படியே நிற்கிறது என்பதை மறத்தலாகாது.

இரண்டாம் வழி, கருவி, டிரைவ், மோட்டார், என்கோடர், கம்பிகள் ஆகிய மின்பகுதி அனைத்தையும் மாற்றுவது. கார்பன் பிரஷ் தேயும் பழைய நேர்மின் மோட்டார்களுக்கு மாற்றாக, பிரஷ் இல்லாத மாறுமின் சர்வோ மோட்டார்கள் அமையும். கத்தை கத்தையான ஆணைக் கம்பிகளுக்கு மாற்றாக ஒரே எண்வழித் தொடர்பு கேபிள் போதும். செலவு மிகுதி, நம்பகமும் மிகுதி.

மூன்றாம் வழி, இரும்பையும் பிரித்துச் சீர்செய்து, மின்பகுதியையும் மாற்றும் முழுப்புதுப்பிப்பு. மிகப் பெரிய, விலைமிக்க எந்திரங்களுக்கே இது பொருந்தும். திருச்சியில் உள்ள பெல் கொதிகலன் ஆலை, பொன்மலை இருப்புப்பாதைப் பணிமனை போன்ற இடங்களில் உள்ளவை இத்தகைய பேருடல் எந்திரங்களே. பொதுத்துறை நிறுவனங்கள் புதியது வாங்குவதற்கு ஈடாக இத்தகைய புதுப்பிப்புக்கும் ஒப்பந்தப்புள்ளி கோருவது உண்டு.

கட்டுப்பாட்டுக் கருவியைத் தேர்வதிலும் இரு நெறிகள் உள. ஜப்பானின் ஃபானுக், ஜெர்மனியின் சீமென்ஸ் போன்றோரின் கருவிகளுக்குப் பழகிய பணியாளர் கிடைப்பர்; பழுதுபார்ப்போரும் கிடைப்பர். மற்றொரு நெறி, எவரும் கட்டணமின்றிப் பெற்றுத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய லினக்ஸ்சி.என்.சி. என்னும் மென்பொருள். அமெரிக்க அரசின் தர, தொழில்நுட்பக் கழகம் 1990களில் உருவாக்கிய ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளே இதன் வேர். பின்னர் உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் அதனை வளர்த்தெடுத்தனர். சாதாரணக் கணிப்பொறியில் இது இயங்கும். ஆயினும் எல்லாக் கணிப்பொறியும் தகுதியானதன்று. பொதுவாக நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை ஒவ்வொரு அச்சின் நிலையையும் பார்த்துத் திருத்த வேண்டும். அந்த முறை தவறாமல் நடக்கிறதா என்று முன்னரே சோதித்துத் தேர்ந்த கணிப்பொறியே இதற்கு ஏற்றது. பயிலும் மாணவர்க்கு இது சிறந்த ஆசான். உள்ளே நடப்பது அனைத்தையும் திறந்து காட்டும்.

ஆணையும் கணக்கும்

சர்வோ இயக்கத்தை ஓர் உரையாடல் எனலாம். "பத்து மில்லிமீட்டர் செல்க" என்கிறது கருவி. "ஒன்பதே சென்றேன்" என்கிறது என்கோடர். இடைவெளியைக் கண்ட கருவி மேலும் செலுத்துகிறது. இடைவெளி அளவுக்கு மிஞ்சினால் ஏதோ தடையுண்டு என்று உணர்ந்து எந்திரத்தை நிறுத்துகிறது. திருத்தம் மெலிந்தால் வளைவுகள் பிறழும். மிகுந்தால் மேசை நடுங்கும். இவ்விரண்டிற்கும் நடுவே உரிய அளவைக் காண்பதே சர்வோவைப் பதப்படுத்துதல் ஆகும்.

நுண்மையைக் கணக்கிடுவது எளிது. திருகு ஒரு சுற்றுக்கு மேசையை 10 மில்லிமீட்டர் நகர்த்துகிறது என்க. என்கோடரில் சுற்றுக்கு 2500 கோடுகள். இரு அலைகளின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் எண்ணுவதால் அது நான்கு மடங்காகி 10,000 எண்ணிக்கை ஆகும். ஆகவே ஓர் எண்ணிக்கை 0.001 மில்லிமீட்டர், அதாவது ஒரு மைக்ரான்.

மோட்டாரின் வலுவையும் இவ்வாறே அறியலாம். மேசையைத் தள்ள 5000 நியூட்டன் விசை வேண்டும். திருகின் திறன் 90 விழுக்காடு எனில், வேண்டிய முறுக்குவிசை ஏறத்தாழ 9 நியூட்டன்-மீட்டர். நிமிடத்திற்கு 10 மீட்டர் வேகம் வேண்டின் மோட்டார் நிமிடத்திற்கு 1000 சுற்று சுழல வேண்டும். பழைய மோட்டாரின் தோற்றத்தைக் கண்டு உத்தேசமாகப் புதியதை வாங்குவோர் ஒன்று மிகையாகச் செலவிடுவர், அன்றி வலுக்குறைந்த மோட்டாரைப் பொருத்தி வருந்துவர்.

கருவி மாற்றுதல், குளிர்நீர் செலுத்துதல், எண்ணெய் ஊட்டுதல் முதலிய வரிசைப் பணிகளை பி.எல்.சி. என்னும் தருக்கக் கருவி நடத்துகிறது. பழைய எந்திரத்தின் வரைபடங்கள் தொலைந்துபோயிருந்தால், கம்பி கம்பியாகத் தேடி, எந்தச் சுவிட்சு எதற்குரியது என்று எழுதித்தான் இவ்வரிசையை மீட்க வேண்டும். இப்பணியை அவசரமாகச் செய்தலாகாது. பழைய பெட்டியைப் பிரிக்கும் முன்னரே ஒவ்வொரு கம்பிக்கும் எண்ணிட்டுப் படமெடுத்து வைத்தல் நலம்.

உயிர் முதல், எந்திரம் பின்

புதிய மூளை பொருத்தும்போது பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பழையதே போதும் என்று விட்டுவிடுவது பெருந்தவறு. அவசர நிறுத்தப் பொத்தான் மென்பொருளை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. கணிப்பொறி உறைந்து நின்றாலும் மோட்டாரின் ஆற்றலைத் துண்டிக்கும் தனிக் கம்பிச்சுற்று அதற்கு வேண்டும். எல்லைச் சுவிட்சுகள், இயல்பு நிலையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வகையாக அமைதல் வேண்டும். அப்போதுதான் கம்பி அறுந்தாலும் எந்திரம் அதனை ஆபத்தாகக் கருதி நிற்கும். மறுவகையில் அமைத்தால், கம்பி அறுந்தது எவர்க்கும் தெரியாது. எல்லையைக் கடந்து மோதிய பின்னரே தெரியவரும்.

செங்குத்து அச்சின் மோட்டாரைக் கழற்றுமுன் அதன் தலைப்பகுதிக்கு மரக்கட்டை கொண்டு முட்டுக் கொடுக்க வேண்டும். பல எந்திரங்களில் மோட்டாரினுள் இருக்கும் பிரேக்கே அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. மோட்டாரைக் கழற்றிய நொடியிலேயே தலை சரிந்து விழும். டிரைவின் மின்தேக்கிகளில் மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் சில நிமிடங்கள் உயிர்பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். மீட்டரால் அளந்து பார்த்தபின் அன்றிக் கைவைத்தல் ஆகாது.

நம் மண்ணின் இயல்பு

அயல்நாட்டுக் கையேடுகள் நம் டெல்டாவின் சூழலை அறியா. இங்கு நெல் அரவை ஆலைகளின் அருகே பட்டறைகள் அமைவது இயல்பு. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பது வேதியியல் மாணவர் அறிந்ததே. அது ஸ்லைடின் எண்ணெயில் கலந்தால் சாணைப்பொடி போல் இரும்பைத் தின்னும். எனவே ஸ்லைடின் மூடிகளும் துடைப்பான்களும் பழுதற்று இருத்தல் வேண்டும். மின்பெட்டியின் காற்று வடிகட்டிகளையும் அடிக்கடி தூய்மை செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரம் குளிர்ந்த மின்பெட்டியினுள் நீராகப் படியும். கோடையில் களிமண் வறண்டு வெடிக்கும்போது நில இணைப்பின் தடை உயரும். ஆகவே அத்தடையை அக்காலத்திலும் அளந்து பார்க்க வேண்டும். அறுவடைக்குப்பின் வயலை விட்டு வரும் எலிக்குக் கேபிளின் உறையும் உணவே.

மின்வழங்கலும் கருதத்தக்கது. ஜப்பானிய எந்திரங்கள் பல 200 வோல்ட்டு மும்முனை மின்சாரத்திற்கு அமைந்தவை. நம்மிடம் இருப்பதோ 415 வோல்ட்டு. உரிய மின்மாற்றியும், ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் நிலைப்படுத்தியும் இல்லாமல் புதிய டிரைவுகளை இணைப்பது, நாற்றங்காலுக்கு வேலியின்றி விதைத்தது போலாகும்.

சோதனையும் ஒப்படைப்பும்

எந்திரம் அசைந்துவிட்டது என்பதால் பணி முடிந்ததாகாது. முதலில் அதனைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும். 1 மீட்டர் எஃகுத்திருகு 1 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.011 மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்த எந்திரத்தில் எடுத்த அளவு சூடேறியபின் பொய்யாகிவிடும். லேசர் அளவுமானியால் ஒவ்வொரு இடத்திலும் பிழையை அளந்து, அவ்வட்டவணையைக் கருவிக்குக் கொடுத்தால் திருகின் பிழை ஈடுசெய்யப்படும். பின்பு எந்திரத்தை வட்டம் வரையச் செய்து அவ்வட்டத்தை அளக்க வேண்டும். திசை மாறும் நான்கு இடங்களிலும் படி தெரிந்தால் தளர்ச்சி எஞ்சியுள்ளது. வட்டம் நீள்வட்டமானால் இரண்டு அச்சுகளும் ஒத்த விரைவில் ஆணையைப் பின்பற்றவில்லை, அன்றி அவற்றின் செங்குத்து பிறழ்ந்துள்ளது. ஒரு வட்டம் எந்திரத்தின் நோயனைத்தையும் சொல்லிவிடும் எனலாம்.

இறுதியாக உரிமையாளர் கேட்டுப்பெற வேண்டியவை மூன்று: புதிய மின்வரைபடம், அளவுருக்கள் அனைத்தின் நகல், பி.எல்.சி. நிரலும் அதன் கடவுச்சொல்லும். இவை இல்லாத எந்திரம், சாவி பிறர் கையிலுள்ள வீடு போன்றது. பின்னாளில் சிறு பழுது நேர்ந்தாலும், பொருத்தியவரையே தேடி அலைய நேரும்; அவர் தொழிலை விட்டிருந்தால் எந்திரம் மீண்டும் ஊமையாகும். பழைய மூளை இறந்ததற்கு மின்கலமும் மின்தேக்கியும் மட்டுமா காரணம்? அதனைப் பற்றிய அறிவை எவரும் எழுதிவைக்காததும் ஒரு காரணமன்றோ!

எவர்க்கு இது, எவர்க்கு அன்று?

படுகை விரிசல் கண்டிருந்தாலும், சீர்செய்யும் செலவு புதியதன் விலையை நெருங்கினாலும், நாள்தோறும் ஆயிரக்கணக்கில் ஒரே பொருளை விரைந்து செய்யும் பணியாயினும் புதிய எந்திரமே தக்கது. உடல் உறுதியானதாகவும் பணி பலவகையாகவும் இருந்தால் மறுசீரமைப்பு நன்மை தரும். துவாக்குடி வட்டாரத்தில் கொதிகலன் ஆலையைச் சார்ந்து வளர்ந்த சிறுதொழில்களுக்கும், உழவுக்கருவி, இறவை எந்திரம், அரவை எந்திரம் ஆகியவற்றின் உறுப்புகளைச் செய்யும் சிற்றூர்ப் பட்டறைகளுக்கும், பெருங்கடன் இன்றி நுண்ணிய பணிகளை ஏற்க இது ஒரு வாயில்.

கல்வி நிலையங்களுக்கும் இதில் பங்குண்டு. பயிற்சிக்கூடத்தில் ஓய்ந்து நிற்கும் ஓர் எந்திரத்தை மாணவர் குழு மீட்டெடுக்குமாயின், இயற்பியல், மின்னணுவியல், கணிதம், கணிப்பொறியியல் ஆகிய நான்கும் ஒரே மேசையில் சந்திக்கும். தமிழ்த்துறையின் பங்கும் சிறிதன்று. கடைதல், இழைத்தல், துருவுதல், துளைத்தல், சாணைபிடித்தல் என்று நம் கைவினைஞர் ஆண்ட சொற்கள் இன்றும் உயிருடன் உள்ளன. பெட்டு, சக்கு, பிளே என்று பட்டறை ஏற்றுக்கொண்ட சொற்களும் உள்ளன. இருவகைச் சொற்களையும் கொண்டு, எந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி படித்துப் புரிந்துகொள்ளத்தக்க ஒரு கையேட்டை ஒவ்வொரு எந்திரத்திற்கும் தமிழில் எழுதிவைத்தால், அடுத்த முறை மின்கலம் தீரும்போது எந்திரம் மறந்தாலும் மனிதர் மறவார்.

ஒருவர் மூப்படைந்த எந்திரத்தை எடைக்கு விற்கும்போது அவர்க்குக் கிடைப்பது இரும்பின் விலை மட்டுமே. அவ்விரும்பை உருக்கி, வார்த்து, நாள்கணக்கில் சுரண்டிச் சமன் செய்த உழைப்புக்கு அங்கே விலை இல்லை. அவ்வுழைப்பை அளந்தறிந்து, தக்கதைக் காத்து, தகாததை நீக்கி, புதியதை அறிவோடு பொருத்தக் கற்ற தலைமுறை பிறர் செய்த எந்திரத்தை வாங்கி ஓட்டுவதோடு நில்லாது; நாளை தானே எந்திரம் செய்யும் தகுதியையும் பெறும்.